லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காருக்கு எந்த ஆயில்?

"சார், வண்டி ஆயில் சாப்பிடுது. இந்தத் தடவை கொஞ்சம் கெட்டியா ஊத்திடலாமா?"

பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். முதலியார்பேட்டை ஒர்க் ஷாப்பாக இருந்தாலும் சரி, மூலக்குளம் ஒர்க் ஷாப்பாக இருந்தாலும் சரி, கேள்வி இதேதான். நீங்களும் பானெட் பக்கத்தில் நின்றுகொண்டு, "உங்களுக்குத் தெரியாததா அண்ணே, பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பீர்கள். அந்த டீக்குப் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இந்தப் பாடத்தில் இருக்கின்றன.

இப்போது இதைப் பேச ஒரு காரணமும் உண்டு. 2010, 2011-ல் பி.ஒய்-01 எண்ணில் பதிவான கார்களுக்கு 15 ஆண்டுப் பதிவுக் காலம் முடிந்துவருகிறது. தொடர்ந்து ஓட்ட வேண்டுமென்றால் படிவம் 25-ல் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். காலம் முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் இதைச் செய்யலாம். வண்டியைக் காட்டித் தகுதிச் சோதனையில் தேற வேண்டும், புகைச் சான்று கையில் இருக்க வேண்டும். தேறினால் இன்னும் 5 ஆண்டு ஓட்டலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் காருக்கு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். இவ்வளவு செலவு செய்து பதிவைப் புதுப்பித்த கார், அடுத்த வருஷமே எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றால் யாருக்கு நஷ்டம்?

சிவப்பு விளக்கை நம்பி உட்காராதீங்க

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை தவறாமல் சர்வீஸ் விடுவார். ஊற்றுவது விலை கூடிய சிந்தெடிக் ஆயில், அதுவும் கையேட்டில் சொன்ன அதே கிரேடு. போன வருஷம் மகளைப் பார்க்கச் சென்னைக்குக் கிளம்பியவர், மரக்காணம் தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தார். அடுத்த பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒர்க் ஷாப்பில் திறந்து பார்த்தால் சம்பில் ஆயில் அடிமட்டத்தில் கிடந்தது. கிரேடில் தப்பே இல்லை, ஆயில்தான் இல்லை.

எண்ணெய்க் குடுவை போல இருக்கும் அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பழைய கார்களில் அது ஆயிலின் அழுத்தத்தை மட்டுமே பார்க்கிறது. பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்க ஆரம்பித்த பிறகுதான் எரியும். அந்த நேரத்தில் பேரிங்குகள் காய்ந்து உரசிக்கொண்டிருக்கும். ஓட்டத்தில் அந்த விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். அடுத்த பங்க், அடுத்த ஊர் என்ற கணக்கே கூடாது.

சின்னதாக ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் காரின் சம்ப் மூன்றரை லிட்டர் பிடிக்கிறது, கார் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் ஆயில் எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்கு இது அதிசயமில்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை சர்வீஸ் என்றால், அதற்குள் இரண்டரை லிட்டர் போய்விடும், மிச்சம் ஒரே லிட்டர். சர்வீஸ் சரியான தேதியில் நடந்திருக்கும், பில்லும் இருக்கும். எஞ்சின் மட்டும் இருக்காது. அதனால்தான் எந்த ஆயில் என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு குறைகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

ஆயிரம் கிலோமீட்டர் கணக்கு

இதற்கு வேண்டியவை பழைய பனியன் துணி ஒரு துண்டு, உங்கள் கைபேசி, அவ்வளவுதான். காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நம்ம தெருக்களில் சாக்கடை ஓரம் சரிவாக இருக்கும், அங்கே பார்த்தால் அளவு பொய் சொல்லும். எஞ்சினை நிறுத்தி ஐந்து, பத்து நிமிஷம் விடுங்கள், ஆயில் கீழே இறங்கட்டும். டிப்ஸ்டிக் என்கிற அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி முழுசாகச் சொருகி எடுங்கள். ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஓடோமீட்டரையும் ஒரு போட்டோ. தேதியைக் கைபேசியே போட்டுக்கொள்ளும்.

மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் பல கார்களில் சுமார் ஒரு லிட்டர் இடைவெளி, சின்ன எஞ்சின்களில் கொஞ்சம் குறைவு. மேல் கோடு வரை நிரப்பி ஓட்ட ஆரம்பியுங்கள். மேலே போகக் கூடாது. அளவுக்கு மேல் ஊற்றினால் கிராங்க் சுழலும்போது ஆயில் நுரைத்துவிடும், நுரை பேரிங்கைக் காப்பாற்றாது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடி முடிக்கும்வரை வாரம் ஒரு தடவை இதே மாதிரி பாருங்கள். ஆபீஸ், ஸ்கூல், நேரு வீதி என்று ஊருக்குள் மட்டும் சுற்றுகிறவர்களுக்கு இரண்டு மாசம்கூட ஆகலாம், பரவாயில்லை.

ஆயிரத்தின் முடிவில் குறைவு கண்ணுக்கே தெரியவில்லையா? கெட்டி ஆயில் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம், கையேட்டில் சொன்னதே போதும். கால் லிட்டர் அளவு குறைந்திருந்தால் டிக்கியில் ஒரு லிட்டர் கேன் வைத்துக்கொண்டு, எங்கே போகிறது என்று தேட ஆரம்பியுங்கள். அரை லிட்டருக்கு மேல் என்றால் ஆயில் கடைக்குப் போகும் முன் மெக்கானிக்கிடம் போங்கள். இவை சட்டத்தில் எழுதிய எல்லைகள் அல்ல, பழைய கார்களோடு பழகியவர்களின் கைக்கணக்கு. சில வெளிநாட்டு கார் நிறுவனங்கள் தங்கள் கையேட்டில் இதைவிட அதிகம் போனாலும் இயல்பு என்று எழுதியிருக்கின்றன. அவர்கள் வசதிக்கு எழுதியது என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஆயில் போவதற்கு இரண்டே வழி, ஒழுகும் அல்லது எரியும். ராத்திரி நிறுத்தும் இடத்தில் எஞ்சினுக்குக் கீழே ஒரு பழைய அட்டைப் பெட்டியை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால் எந்த இடத்துக்கு நேர் கீழே என்று பாருங்கள். வால்வ் கவர் கேஸ்கெட், சம்ப் கேஸ்கெட், கிராங்க் ஆயில் சீல், ஆயில் ஃபில்டர் திருகிய இடம், டிரெயின் போல்ட் வாஷர், வழக்கமாக மாட்டுகிற ஆட்கள் இவைதான். இதில் பாதி சில நூறு ரூபாய் சமாச்சாரம். அதைச் சரிசெய்யாமல் கெட்டி ஆயில் ஊற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீருக்குப் பதிலாகக் கஞ்சி ஊற்றுகிற மாதிரி.

எரிகிறது என்றால் புகை சொல்லும். ராத்திரி நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை ஒரு வீச்சு வந்து அடங்கினால், பெரும்பாலும் வால்வ் சீல் இறுகிக் காய்ந்திருக்கும். அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறும்போது, ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தப் பின்னால் நீலமாகத் தொடர்ந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். பி.சி.வி. வால்வ் என்று ஒரு சின்ன உறுப்பு உண்டு, எஞ்சின் உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றுவது. அது அடைத்துக்கொண்டாலும் ஆயில் எரியும், ஒழுகவும் செய்யும். விலை குறைவு, மாற்றுவது சுலபம், ஆனால் அதிகம் பேர் பார்ப்பதே இல்லை. முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கறுப்புப் புகைக்கு ஆயில் காரணமல்ல, அது எரிபொருளும் காற்றும் சேரும் விகிதத்தின் பிரச்சினை. வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் சோதனை அவசரம்.

புகைச் சான்றை லேப் ரிப்போர்ட் மாதிரி படியுங்கள்

போலீஸ் கேட்டால் காட்டத்தான் பொல்யூஷன் சர்டிபிகேட் என்று நினைக்காதீர்கள். அந்தச் சீட்டில் உங்கள் எஞ்சினின் உடல்நிலை எண்ணாக அச்சடித்திருக்கிறது. பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு சதவீதமும், ஹைட்ரோகார்பன் பி.பி.எம். கணக்கும் இருக்கும். பி.எஸ்.-2, பி.எஸ்.-3 பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 0.5 சதவீதமும் 750 பி.பி.எம்.மும். பி.எஸ்.-4 கார்களுக்கு 0.3 சதவீதம், 200 பி.பி.எம். டீசலுக்குப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள், பி.எஸ்.-4-க்கு முந்தைய வண்டிக்கு 65, பி.எஸ்.-4-க்கு 50. உங்கள் வண்டி எந்த பி.எஸ். என்று தெரியாவிட்டால் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். சான்று என்றைக்கு முடிகிறது என்பதும் அங்கேயே தெரியும். பி.எஸ்.-4-ம் அதற்குப் பிந்தையதும் என்றால் ஒரு வருஷம் செல்லும், பழையவற்றுக்கு ஆறு மாசம். சான்று இல்லாமல் பிடிபட்டால் 2019 சட்டத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

தேறிவிட்டதா என்று மட்டும் பார்க்காமல் பழைய சீட்டுகளையும் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். போன தடவை 120 இருந்த ஹைட்ரோகார்பன் இந்தத் தடவை 180 என்றால் இரண்டுமே தேர்ச்சிதான், ஆனால் ஏதோ மாறிக்கொண்டிருக்கிறது. ஸ்பார்க் பிளக் தவறினாலும் இந்த எண் ஏறும், ஆயில் எரிந்தாலும் ஏறும். டிப்ஸ்டிக் போட்டோவோடு சேர்த்துப் பார்த்தால் எது என்று பிடிபடும். இன்னொன்றும் இருக்கிறது. 2000-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில் சைலன்சருக்கு முன்னால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உண்டு. ஆயிலில் கலந்திருக்கும் பாஸ்பரஸ், ஆயில் எரியும்போது அதற்குள் படிந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்க வைக்கும். கன்வெர்ட்டர் போய்விட்டால் எந்த ஆயிலை ஊற்றினாலும் புகைச் சான்று கிடைக்காது, மாற்றும் செலவும் பெரிது.

கேனில் இருக்கும் எண்ணும் எழுத்தும்

20டபிள்யூ-50, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30. இந்த எண்கள் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு வகுத்தவை. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முன்னால் வரும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளகலாக இருக்கும் என்பதற்கு. பின்னால் வரும் எண், எஞ்சின் சூடேறி 100 டிகிரியில் இருக்கும்போது எவ்வளவு கெட்டி என்பதற்கு. 100 டிகிரியில் 30 கிரேடு ஆயிலின் பிசுப்பு 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருக்கும், 40 கிரேடு 12.5-லிருந்து 16.3-க்குள், 50 கிரேடு 16.3-லிருந்து 21.9-க்குள். அதாவது 30-லிருந்து 50-க்குத் தாவுவது ஒரு படி அல்ல, இரண்டு படி.

"நமக்குத்தான் குளிரே கிடையாதே, முன் எண்ணைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்பீர்கள். பாதி நியாயம். 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள், புதுச்சேரி மார்கழிக் காலையில்கூட 20-க்குக் கீழே போவது அபூர்வம். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்கிற அந்தச் சில விநாடிகள்தான் தேய்மானத்துக்குக் கெட்ட நேரம். 40 டிகிரியில் ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலின் பிசுப்பு 60, 70 சென்டிஸ்டோக் என்றால், 20டபிள்யூ-50 ஆயிலுக்கு 150-க்கு மேல் இருக்கும். நம்ம ஊர் வெயில் காலையிலும் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. மேலே கேம்ஷாஃப்ட் வரை ஏறிப் போய்ச் சேர அது கூடுதல் நேரம் எடுக்கும்.

எண்ணைவிட நான் முக்கியமாக நினைப்பது, கேனில் சின்னதாக அச்சடித்திருக்கும் எழுத்து. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. தருகிற தரவரிசை அது. பெட்ரோலுக்கு எஸ் என்று தொடங்கும். எஸ்.எல். 2001-ல் வந்தது, எஸ்.எம். 2004-ல், எஸ்.என். 2010-ல், எஸ்.பி. 2020-ல், எஸ்.க்யூ. 2025-ல். பின்னால் வந்தது முன்னால் வந்ததன் இடத்தில் போகும். உங்கள் 2008 மாடல் கையேட்டில் எஸ்.எல். என்று இருந்தால் எஸ்.பி. தாராளமாக ஊற்றலாம். டீசலுக்கு சி என்று தொடங்கும், சி.ஹெச்.-4, சி.ஐ.-4 என்று போகும்.

கடைகளில் இன்னமும் எஸ்.ஜி. என்று போட்ட 20டபிள்யூ-40 கேன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. 1993-க்குப் பிறகு உருவான பெரும்பாலான பெட்ரோல் கார் எஞ்சின்களுக்கு எஸ்.ஜி. ஏற்றதல்ல என்று ஏ.பி.ஐ.யே சொல்கிறது. கெட்டியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குகிறவர்கள் இந்த எழுத்தைப் பார்ப்பதில்லை. பழைய எஞ்சினுக்குள் ஏற்கெனவே கசடு இருக்கும். அதைக் கரைத்து, மிதக்க வைத்து, ஃபில்டருக்குக் கொண்டுபோகும் திறன் புதிய தர ஆயிலில்தான் கூடுதல்.

சரி, கெட்டி ஆயில் எப்போதுமே தப்பா?

தப்பில்லை, மருந்து மாதிரி. தேய்ந்த பேரிங்கில் இடைவெளி கூடியிருக்கும், சூடான ஆயில் சுலபமாக வழிந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது அழுத்த விளக்கு லேசாகக் கண் சிமிட்டும். அப்போது ஒரு படி கெட்டியான ஆயில் அழுத்தத்தைத் தாங்கும், ரிங் வழியாக மேலேறி எரிவதும் கொஞ்சம் குறையும். ஆனால் தேய்ந்த உலோகம் திரும்ப வளராது. ஒழுகல் சிலருக்குக் குறையும், சிலருக்கு ஒன்றுமே மாறாது. மைலேஜ் சற்று இறங்கும்.

இனி வண்டியைப் பொறுத்துச் சொல்கிறேன். அம்பாசடர், பழைய மாருதி 800, ஆம்னி மாதிரி எளிய எஞ்சின்களுக்கு இது பெரிய விவாதமே இல்லை. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது, அம்பாசடர் அதே ஆண்டு மே மாசம். வெப்பமான ஊருக்கு 20டபிள்யூ-40 மாதிரி கிரேடுகள் இந்த வகை எஞ்சின்களுக்குப் பழகியவைதான். பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருக்கும் அன்பர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேமும் டாப்பெட்டும் நேராக உரசுகிற அந்த எஞ்சினுக்கு ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் வேண்டும். புதிய தரங்களில் 30-க்கும் அதற்குக் குறைவான இளகல் கிரேடுகளுக்குத்தான் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். 20டபிள்யூ-50 வகைகளில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால் உங்களுக்கு அதுவே நல்லது.

2005-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில்தான் நிதானம் வேண்டும். வி.வி.டி., ஐ-விடெக் என்று பின்னால் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் வண்டிகளில், வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றுவதே ஆயிலின் அழுத்தம்தான். மெல்லிய துவாரங்கள் வழியாக ஆயில் ஓட வேண்டும். அங்கே 20டபிள்யூ-50 ஊற்றினால் வண்டி ஓடும், ஆனால் மந்தமாக ஓடும், சில வண்டிகளில் எஞ்சின் லைட்டும் எரியும். கையேடு 5டபிள்யூ-30 என்றால், கால் லிட்டர் குறைவது உறுதியான பிறகு 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40-க்கு ஒரு படி ஏறுங்கள். பல கையேடுகளில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ற கிரேடு அட்டவணை ஒன்று இருக்கும், நீங்கள் ஏறுகிற படி அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மறுபடி ஆயிரம் கிலோமீட்டர் கணக்கு எடுங்கள். வித்தியாசம் இல்லை என்றால் பழைய கிரேடுக்கே திரும்பிவிடுங்கள். கையேடு தொலைந்துபோயிருந்தால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

டீசலில் பழைய இண்டிகா, பொலேரோ மாதிரி வண்டிகளுக்கு 15டபிள்யூ-40, சி.ஐ.-4 தரம் என்பது ஒர்க் ஷாப்களில் வழக்கமானது. ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா என்று பல கம்பெனி பானெட்டுக்குள்ளும் உட்கார்ந்திருந்த அந்த 1.3 லிட்டர் டீசலில் அப்படித் துணியாதீர்கள். அதன் டைமிங் செயினை இழுத்துப் பிடிப்பதே ஆயில் அழுத்தம்தான், டர்போவுக்கும் ஆயில் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். கையேட்டு கிரேடை விட்டு விலகாமல், மாற்றும் இடைவெளியைக் குறைப்பது நல்லது. டீசலில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம்.

பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஊற்றினால் ஒழுகும் என்பது பழைய கதை. ஆரம்ப கால சிந்தெடிக் ஆயில்கள் ரப்பர் சீலைச் சுருக்கின, இப்போதுள்ள கலவைகள் அப்படி இல்லை. ஆனால் கசடே அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை, கசடு கரைந்தால் வெளியே தெரியும். அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு வால்வோலின் நிறுவனம் 75,000 மைல், அதாவது சுமார் 1,20,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டிகளுக்கென்றே தனி ஆயில் கொண்டுவந்தது. சீல்களை மெல்ல உப்ப வைக்கும் பொருள் அதில் சேர்த்திருப்பார்கள். சிறிய ஒழுகலுக்கு அது உதவும். கிடைக்காவிட்டால் தேடி அலைய வேண்டாம். ஆயிலைக் கெட்டியாக்கும் தனி டப்பா, எஞ்சின் ஃபிளஷ் இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வரலாறு தெரியாத செகண்ட் ஹேண்ட் வண்டியில் ஃபிளஷ் ஊற்றினால், கசடு கட்டியாகப் பெயர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும் ஆபத்து உண்டு.

எஃப்.சி.க்கு முன் தினம் மட்டும் கெட்டி ஆயில் ஊற்றிப் புகையை அடக்கிக் கொண்டுபோகும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஒரு நாள் அடங்கலாம். அப்படித் தேறிய வண்டியை அடுத்த 5 வருஷம் ஓட்டப் போவது நீங்கள்தானே?

ஊருக்குள்ளேயே ஓடும் வண்டி

லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதிக்கு நாலைந்து கிலோமீட்டர். நடுவில் ராஜீவ் காந்தி சதுக்கத்தில் ஒரு நிற்பு, அஜந்தா சிக்னலில் ஒரு நிற்பு. கூலன்ட் முள் நடுவுக்கு வந்திருக்கும், ஆயில் இன்னும் முழுசாகச் சூடேறியிருக்காது. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மோர் மாதிரி வெளுப்பாக ஒட்டியிருப்பதைச் சில வீட்டு வண்டிகளில் பார்க்கலாம். மாசத்துக்கு இரண்டு தடவை கடலூர் வரை ஒரு நடை போய்வந்தால் அது ஆவியாகிவிடும். இப்படி ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு பார்க்காதீர்கள். வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடினாலும் வருஷம் ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், மினரல் ஆயில் என்றால் ஆறு மாசம்.

மூடியில் மட்டும் இல்லாமல் டிப்ஸ்டிக்கிலும் ஆயில் வெளுத்துப் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய மழையில் ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீடுகளே தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். எஞ்சின் வரை தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட். தண்ணீர் மிச்சமிருந்தால் சில நாளில் இன்னொரு தடவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

வாங்கும்போதும் மாற்றும்போதும்

டிரம்மிலிருந்து அளந்து ஊற்றும் ஆயிலைவிடச் சீல் உடையாத கேன் வாங்குங்கள், உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். கேனில் தயாரித்த மாதமும் ஆண்டும், அளவு, எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் முகவரி, புகார் தொடர்பு இவை எல்லாம் இருக்க வேண்டும் என்பது பொட்டலப் பொருள் விதி. தயாரித்து மூன்று ஆண்டுக்குள் இருந்தால் நல்லது. பொதுத்துறை நிறுவனங்களின் சர்வோ, மேக் ஆனாலும் வெளிநாட்டுப் பெயர் ஆனாலும் எண்ணும் எழுத்தும் பொருந்தினால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். காலி கேனை அங்கேயே விட்டு வராதீர்கள். போலி ஆயில் அடைக்கிறவர்களுக்கு நல்ல கேன்தான் மூலதனம். கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டு வாருங்கள்.

பில்லில் கிரேடு, தரம், எத்தனை லிட்டர், ஓடோமீட்டர் எண் நான்கும் எழுதி வாங்கி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றியது தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசலாம், 88000 01915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் செய்யலாம். பில் இல்லாமல் பேசினால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.

வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம், முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக எழுப்பியது. இன்றைக்கும் நம் குடிநீர் நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. ஒரே ஒரு கார் ஆயில் மாற்றத்தில் வரும் கழிவு, பத்து லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடியது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. தெருச் சாக்கடையில் ஊற்றினால் பெரிய வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போகும், காலி மனையில் ஊற்றினால் நேரே கீழே இறங்கும். 2016 விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் முதல் அதை மறுசுழற்சிக்குச் சேர்க்கும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளர்கள், இறக்குமதியாளர்கள் தலையிலும் விழுந்திருக்கிறது. வடித்த ஆயிலைத் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலக்காமல் பழைய கேனில் அடைத்து, நிறைய வண்டிகளுக்கு ஆயில் மாற்றும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். அங்கே மறுசுழற்சிக்கு எடுத்துப் போக ஆள் வருவார்கள், கொடுக்கும் முன் அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வைத்தால் உள்ளே தேங்கிய ஆயிலும் வடிந்துவிடும், அதையும் அதே கேனில் சேர்த்துக்கொள்ளலாம்.